கல்நார்க் கூரையும் கைப்பேசித் திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரைப் பற்றியவை தற்செயலாக ஒன்றுகூடிவிட்டன. எழுதியவர்கள் அனைவரும் இணையத்தில் தேடியிருக்கிறார்கள். தேடிய பிறகு முன்பைவிடக் கூடுதலாகக் குழம்பியும் இருக்கிறார்கள். எனவே பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் பின்பகுதிக்கு அலை அலையான சாம்பல் நிறத் தகடுகளால் கூரை போடப்பட்டிருக்கிறது. அதில் துளையிட்டு விளக்கு பொருத்த எண்ணியிருந்தோம். இணையத்தில் ஒரு பக்கம் "தொடாமல் விட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறது. இன்னொரு பக்கம் "ஒரே ஒரு நார் போதும், உயிருக்கு ஆபத்து" என்கிறது. எதை நம்புவது?

பதில்: முதல் பக்கம் பாதியில் நின்றுவிட்டது, இரண்டாவது பக்கம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள அந்த நார் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் கனிமம். வெள்ளை, நீலம், பழுப்பு என்று வணிகத்தில் பெயர் பெற்ற மூன்றும், அதிகம் பயன்படாத வேறு மூன்றுமாக ஆறு கனிமங்கள் இந்தப் பெயரில் அடங்குகின்றன. சிமென்டோடு கலந்து கெட்டியான தகடாக்கும்போது அதில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு நார் இருக்கும், மீதி சிமென்ட். அந்தச் சிமென்ட் நாரைப் பிடித்து வைத்திருக்கும் வரை, நல்ல நிலையில் உள்ள தகட்டிலிருந்து வெளிவரும் நார் மிகக் குறைவு. துளையிடும்போதும், அறுக்கும்போதும், உப்புத்தாளால் தேய்க்கும்போதும், உடைக்கும்போதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. அப்போது நார் நீளவாக்கில் மேலும் மேலும் பிளந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாகக் காற்றில் மிதக்கிறது. நமது தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். காற்றில் கல்நாரை அளப்பவர்கள் எண்ணும் இழைகளின் தடிமனோ 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு மெல்லியது என்பதால்தான் அது மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடுகிறது.

அங்கே நமது உடல் சும்மா இருப்பதில்லை. தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் உயிரணுக்கள் அந்த இழையையும் விழுங்க முயல்கின்றன. ஆனால் இழை பல நேரங்களில் அந்த உயிரணுவைவிட நீளமானது. முழுதாக விழுங்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் அந்த உயிரணு திணறி, அரிக்கும் வேதிப்பொருள்களைச் சுற்றிலும் கசியவிட்டுச் சிதைகிறது. அடுத்த உயிரணு வந்து அதே வேலையைத் தொடங்குகிறது. இந்த ஓயாத அழற்சிதான் பல ஆண்டுகளில் நுரையீரலைத் தழும்பாக்கும் ஆஸ்பெஸ்டாசிஸ் நோய்க்கும், நுரையீரல் புற்றுநோய்க்கும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கும் இட்டுச் செல்கிறது. நாரைச் சுவாசித்ததற்கும் புற்றுநோய் வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

பாதுகாப்பானது என்று நிறுவப்பட்ட குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை என்பதே அறிவியலின் நிலை. "ஒரு நார் போதும்" என்ற பேச்சு இதைத் திரித்துச் சொல்வதால் வருவது. ஆபத்து, சுவாசித்த மொத்த அளவோடும் ஆண்டுகளோடும் கூடிக்கொண்டே போகிறது. ஒரே நாளில் ஒரு வரம்பைத் தாண்டி விழும் பள்ளமாக அது இருப்பதில்லை. நகரக் காற்றிலேயே மிகச் சிறிய அளவில் இந்த நார் இருக்கிறது. நாம் அனைவரும் அதைச் சுவாசித்தே வருகிறோம்.

ஆகையால் உங்கள் கூரை விரிசலில்லாமல் உறுதியாக இருக்கும் வரை நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதில் துளையிட வேண்டாம். விளக்கைச் சுவரிலோ மரச் சட்டத்திலோ பொருத்துங்கள். பாசியை நீக்குவதற்காக உயரழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவுவதும், வண்ணம் பூசுவதற்கு முன் சுரண்டுவதும் துளையிடுவதைவிடத் தீங்கானவை, ஏனெனில் கூரையின் மேற்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உரிந்து வருகிறது. சுரண்டாமல் பூசப்படும் பூச்சு நல்லதே; அது நாரை அடைத்து வைக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தகட்டைப் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் காட்டினேன். "இது கல்நார் இல்லாத சிமென்ட் தகடாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்றது. அதன்பிறகு, 2000ஆம் ஆண்டுக்குப் பின் கட்டிய வீடுகளில் கல்நார் இருக்காது என்று ஓர் அரசு இணையதளத்திலேயே படித்தேன். எங்கள் வீடு 2006இல் கட்டப்பட்டது. கவலையை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். உங்கள் இரண்டு ஆதாரங்களும் வெவ்வேறு விதத்தில் உங்களைக் கைவிட்டிருக்கின்றன.

படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இத்தகைய மாதிரிகளைப் பார்த்தவன். ஒரு துண்டைக் கையில் வாங்கியவுடன் மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழும். அந்தத் தீர்ப்பு தவறாகிப்போன நாட்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. கல்நார் கலந்த தகடும், அதற்கு மாற்றாக மரக்கூழ் இழையோ செயற்கை இழையோ கலந்த தகடும் நிறத்திலும் எடையிலும் அலை வடிவத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகத்தில் துண்டைப் பொடித்து, இழைகளைப் பிரித்தெடுத்து, ஒளிவிலகல் எண் தெரிந்த திரவத்தில் மூழ்கவைத்து, முனைவுற்ற ஒளியில் அவற்றைச் சுழற்றிப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறத்தைக் காட்டுகிறது. கைப்பேசியின் கேமராவுக்கு அந்த ஒளியும் இல்லை, அந்தத் திரவமும் இல்லை. படத்தில் இல்லாத செய்தியை எவ்வளவு திறமையான செயலியாலும் எடுத்துத் தர முடியாது. படத்தைப் பார்த்தே உறுதி சொல்லும் மனிதரையும் நான் நம்பமாட்டேன்.

அரசு இணையதளத்தின் கதை வேறு. நீங்கள் படித்தது பிரிட்டனின் தளமாக இருக்க வேண்டும்; அது பொய் சொல்லவில்லை. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985இலும், வெள்ளைக் கல்நாரை 1999இலும் தடை செய்தது. எனவே "2000க்குப் பிறகு" என்ற வாசகம் அந்த நாட்டு வீடுகளுக்கு நியாயமான வழிகாட்டி. ஆஸ்திரேலியாவில் முழுத் தடை 2003 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இல், கனடாவில் 2018இல். அமெரிக்காவின் கதை இன்னும் சுற்றலானது: அங்கே 1989இல் கொண்டுவரப்பட்ட தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கிவிட, 2024இல்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை வந்தது. இன்றும் தடை செய்யாத நாடுகள் பல உண்டு. அங்கே வீடு கட்டிய ஆண்டு உங்களுக்கு எந்த உறுதியும் தராது. ஒரு பக்கத்தைப் படிக்கும்போது அது எந்த நாட்டுக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது இந்த விஷயத்தில் இன்றியமையாதது. உண்மையான செய்தி, தவறான வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பொய்யைப் போலவே கெடுதல் செய்யும்.

தகட்டின் விளிம்பில் உற்பத்தியாளரின் முத்திரையோ, வாங்கியபோது தந்த ரசீதோ இருந்தால் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், ஆய்வகச் சோதனை முடியும் வரை அதில் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தேடுபொறியில் இதைப் பற்றித் தேடினால் முதலில் வருபவை எல்லாம் புற்றுநோயை விவரித்துவிட்டு என் தொலைபேசி எண்ணைக் கேட்கின்றன. நம்பத்தகுந்த தளம் எது என்று சாதாரண வாசகர் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் கல்நாரின் வரலாறே தகவலை மறைத்த வரலாறுதான்.

இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் பிரிட்டிஷ் அரசின் ஆய்வறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே ஆலைத் தூசிக்கு விதிமுறைகள் வந்தன. ஆனால் 1935இல் அமெரிக்கக் கல்நார் நிறுவனம் ஒன்றின் தலைவரான சம்னர் சிம்சன் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், கல்நாரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்ற கருத்தைத் தெரிவித்தார். அந்தக் கடிதங்கள் 1970களில் வழக்குகளின்போது வெளியே வந்தன. நாற்பது ஆண்டுகள் மறைந்திருந்த அந்தத் தாள்களை நினைக்கும்போதெல்லாம், அந்த ஆண்டுகளில் ஆலைக்குள் நுழைந்த இளைஞர்களை எண்ணி எனக்கு மனம் கொதிக்கும்.

அன்று தகவல் கிடைக்காததே சிக்கல். இன்று ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டியதை மட்டும் உரக்கச் சொல்வதே சிக்கல். ஆகவே ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும், நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பக்கம் விரும்புகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்கும் பக்கங்களில் பலவற்றை, குறிப்பாக அமெரிக்காவில், இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நிறுவனங்கள் நடத்துகின்றன அல்லது அவற்றின் பணத்தில் அவை நடக்கின்றன. மீசோதீலியோமா என்ற சொல் இணைய விளம்பரச் சந்தையில் மிக அதிக விலைபோகும் சொற்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்துவருகிறது. அதனால்தான் அவை முதலில் வருகின்றன. அவற்றில் உள்ள மருத்துவச் செய்தி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் ஆலையில் உழைத்து நோயுற்றவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. சமையலறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்காக எழுதப்பட்டதன்று. கூரையை அகற்றித் தரும் நிறுவனத்தின் பக்கம் அகற்றுவதே ஒரே வழி என்று சொல்லும். தகடு விற்பவரின் பக்கம், வெள்ளைக் கல்நார் மற்றவற்றைப் போலன்று, கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம் என்று சொல்லும்.

கடைசியாகச் சொன்னதில் ஓர் அரை உண்மை இருப்பதால் அதில் சற்று நிற்கிறேன். வெள்ளைக் கல்நாரின் இழை நீல, பழுப்பு வகைகளைவிட விரைவாக நுரையீரலிலிருந்து வெளியேறுகிறது என்பதும், மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை அதன் வீரியம் குறைவு என்பதும் ஆய்வுகளில் காணப்பட்டவை. ஆனால் குறைந்த வீரியம் என்பது தீங்கின்மை ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியானவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கல்நார் பற்றிய அதன் விரிவான மதிப்பீடு 2012இல் வெளியான 100சி தொகுதியில் உள்ளது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். இதற்கு மாறாகச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை உங்கள் கண்ணில் பட்டால், அதன் கடைசிப் பக்கத்துக்குச் சென்று நிதி யார் தந்தார்கள் என்ற குறிப்பைப் படியுங்கள். அந்தக் குறிப்பு ஆய்வைப் பொய்யாக்கிவிடாது. எவ்வளவு கவனத்தோடு படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை எளியது. உலக சுகாதார நிறுவனத்தின் கல்நார் பற்றிய தகவல் பக்கம் சுருக்கமானது, அதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் எந்தெந்தப் பொருள்களில் இது ஒளிந்திருக்கலாம் என்பதற்கு, பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நடத்தும் பக்கங்கள் உதவும்; கூரை மட்டுமன்றிக் கொதிகலன் குழாய் உறை, பழைய தரை ஓடு, அதன் அடியிலுள்ள கறுப்புப் பசை, புள்ளிப்புள்ளியான கூரைப்பூச்சு, தண்ணீர்த் தொட்டி எனப் பல இடங்களை அவை காட்டுகின்றன. கையாள்வது எப்படி என்பதற்கும் அவை சிறந்தவை. சட்டத்துக்கும் கழிவை எங்கே ஒப்படைப்பது என்பதற்கும் மட்டும் உங்கள் நாட்டு அரசின் பக்கத்தைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

தேடும் சொல்லும் விடையை வளைக்கிறது. "கல்நார் ஆபத்தில்லையா" என்று தேடினால் ஆறுதல் சொல்பவர்களும், "கல்நார் மரணம்" என்று தேடினால் அச்சுறுத்துபவர்களும் முன்னே வருவார்கள். "கல்நார் சிமென்ட் தகடு கையாளும் முறை" என்று செயலைக் குறித்துத் தேடிப் பாருங்கள். எந்திர மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள், எண்ணையும் அலகையும் முகக்கவசத்தின் வகைப் பெயரையும் மூலப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இதை ஒரு தாயின் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதங்களுக்கு முன் என் தம்பி வீட்டு முற்றத்தில் பழைய தகடுகளை மின்ரம்பத்தால் அறுத்தான். என் குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடினார்கள். தூசியை நான்தான் துடைப்பத்தால் பெருக்கினேன். அதற்குப் பிறகுதான் இணையத்தில் படித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்கு முதலிலேயே பதில் எழுதி அஞ்சலில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் தருகிறேன்.

எக்ஸ்ரே வேண்டாம். இரண்டு மாதங்களில் எந்தப் படத்திலும் எதுவும் தெரியாது. ஒருமுறை சுவாசித்த சிறிய அளவைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையும் இல்லை. குழந்தைகளுக்குத் தேவையற்ற கதிர்வீச்சைத் தருவதில் பயனில்லை. நீங்கள் படித்த பயங்கரமான எண்கள் பெரும்பாலும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் தூசிக்குள் நின்று உழைத்தவர்களைப் பற்றியவை. ஒரு நாள் திறந்தவெளியில் நேர்ந்ததால் கூடும் ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மிகச் சிறியது. உங்களுக்குத் தெரியாமல் நடந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

இனி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அறுத்தபோது மிஞ்சிய துண்டு ஏதேனும் கிடந்தால், அதன்மேல் தண்ணீர் தெளித்து, நெல்லிக்காய் அளவு துண்டொன்றை உடைக்காமல் எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். புதிதாக எதையும் உடைக்காமலே விடை தெரிந்துவிடும். அது கல்நாரே இல்லை என்றும் வரலாம். விடை வரும் வரை முற்றத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வீட்டில் உள்ள சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது. அதன் வடிகட்டி இந்த இழையைப் பிடிக்காமல் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும். சன்னல் விளிம்புகளையும் அலமாரிகளையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் துவைக்காமல் ஈரத்தோடே பையில் கட்டிவிடுங்கள். தூசி அதிகமாகப் படிந்திருந்தால் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே சரி. துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சைக் கவசமும் இந்த நாருக்குப் போதா. பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரமுள்ள, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசம்தான் தேவை.

தம்பி அன்று அணிந்திருந்த உடையை மறந்துவிடாதீர்கள். லண்டனில் மீசோதீலியோமா நோயாளிகளை ஆராய்ந்து நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட கட்டுரையில், ஆலைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத பெண்கள் இருந்தார்கள். கணவரின் வேலை உடையைத் துவைத்ததுதான் அவர்களுக்குக் கல்நாரோடு இருந்த தொடர்பு. அந்த உடை இன்னும் துவைக்காமல் கிடந்தால், உதறாமல் நனைத்துப் பையில் இட்டுக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இத்தகைய கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக் குடிக்கலாமா?

பதில்: குடிநீர் வழியாக வயிற்றுக்குள் போகும் கல்நார் நோய் உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வரம்பு எதையும் வகுக்கவில்லை. கவனம் தேவைப்படுவது நீரில் அன்று, வடிகாலில் படியும் வண்டலில்தான். பழைய கூரையிலிருந்து அரித்து வந்த நார் அதில் சேர்கிறது. அது உலர்வதற்கு முன் ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டுங்கள்.

கேள்வி: என் தந்தை முப்பது ஆண்டுகள் வாகனப் பணிமனையில் பிரேக் பழுதுபார்த்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார், புகைப்பிடிக்கிறார். "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: பழைய பிரேக் பட்டைகளிலும் கிளட்ச் தகடுகளிலும் கல்நார் பரவலாக இருந்தது, காற்றடித்துத் தூசியை ஊதியவர்கள் அதைச் சுவாசித்திருப்பார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டதால் ஆபத்து கழிந்துவிட்டது என்று இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் அச்சத்தைப் பற்றிப் பேசாமல் புகையைப் பற்றிப் பேசுங்கள். வட அமெரிக்காவில் கல்நாரால் வெப்பக்காப்பு உறை பொருத்தும் வேலை செய்தவர்களைப் பற்றி 1979இல் வெளியான ஆய்வில், கல்நார், புகை இரண்டோடும் தொடர்பில்லாதவரைவிட, கல்நாரை மட்டும் சுவாசித்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்காகவும், புகை மட்டும் பிடித்தவருக்கு 10 மடங்குக்குச் சற்று மேலாகவும், இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் எண்கள் குறைந்தாலும், இரண்டும் சேரும்போது ஆபத்து மிகக் கூடுகிறது என்ற முடிவு மாறவில்லை. அதே தொழிலாளர் குழுவை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, புகையை விட்டவர்களிடம் 10 ஆண்டுகளுக்குள் நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கையில் மிச்சமிருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான்.

அவரை நெஞ்சக மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் அவரோடு உட்கார்ந்து, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேலை செய்தார், பிரேக் தூசியை எப்படித் துடைத்தார், காற்றடித்தாரா, நனைத்தாரா, வேலை உடையை வீட்டில் யார் துவைத்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் இதையெல்லாம் தானாகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். உடையைத் துவைத்தது உங்கள் தாயார் என்றால் அவருடைய பெயரையும் அந்தத் தாளில் சேர்த்து, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.